‘இக்ரா டெஸ்ட் பாசிட்டிவ்’ என்றால் காசநோயா? காமா இன்டர்ஃபெரான் புரதம் சொல்வது என்ன? – முழு விளக்கம்

கார், பைக், செல்போன், டயர், கண்ணாடி... ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கம் என்னவெல்லாம் தயாராகுதுன்னு கேட்டால் இந்தப் பட்டியல்தான் வரும். அதே பகுதியில் பல மாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வந்த இளம் தொழிலாளர்கள், விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் நெருக்கமாகத் தங்கியிருக்கிறார்கள். வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய தொழிலாளர் குடியிருப்பில் மட்டும் 18,720 படுக்கைகள். 706.50 கோடி ரூபாய் செலவில் கட்டப்பட்ட இதை முதல்வர் மு.க.ஸ்டாலின் 2024 ஆகஸ்ட் 17-ல் திறந்து வைத்தார்.

இப்படி நெருக்கமாக வாழும் எந்த இடத்திலும் ஒரு கேள்வி வரும். அறையில் ஒருவருக்கு காசநோய் உறுதியானால், பக்கத்துப் படுக்கையில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்? அவருக்கு ரத்தப் பரிசோதனை எடுத்து ‘பாசிட்டிவ்’ என்று வந்தால், அவருக்கும் நோய் வந்துவிட்டதா? வேலைக்குப் போகலாமா, கூடாதா?

அந்தப் பரிசோதனையின் பெயர் ‘இக்ரா’. அது அளப்பது ‘காமா இன்டர்ஃபெரான்’ என்ற ஒரே ஒரு புரதத்தை. இந்தப் புரதம் என்ன, ஆய்வகத்தில் அதை எப்படித் தயாரிக்கிறார்கள், அதை வைத்து என்ன சொல்ல முடியும், என்ன சொல்ல முடியாது? விரிவாகப் பார்ப்போம்.

காமா இன்டர்ஃபெரான் என்றால் என்ன?

நம் உடலின் நோய் எதிர்ப்பு செல்கள் ஒன்றோடொன்று ‘பேச’ சிறு புரதங்களைப் பயன்படுத்துகின்றன. இவற்றுக்குப் பொதுப் பெயர் சைட்டோகைன். கொரோனா காலத்தில் ‘சைட்டோகைன் புயல்’ என்று அடிக்கடி கேள்விப்பட்டோமே, அதே குடும்பம்தான். காமா இன்டர்ஃபெரானும் இதில் ஒன்று.

இதன் வேலையை எளிமையாகச் சொல்லலாம். காசநோய்க் கிருமி நுரையீரலுக்குள் நுழைந்ததும், ‘மேக்ரோஃபேஜ்’ எனப்படும் விழுங்கு செல்கள் அதை விழுங்கிவிடும். ஆனால், இந்தக் கிருமி கொஞ்சம் கில்லாடி. விழுங்கப்பட்ட பிறகும் சாகாமல் அந்த செல்லுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். அப்போது டி செல்கள் வந்து, ‘உள்ளே எதிரி இருக்கிறான், அழி’ என்று விழுங்கு செல்லுக்கு ஒரு செய்தி அனுப்புகின்றன. அந்தச் செய்திதான் காமா இன்டர்ஃபெரான். அது வந்து சேர்ந்ததும் விழுங்கு செல் வேகமெடுக்கிறது. கிருமியை அடைத்து வைத்திருக்கும் பையை அமிலமாக்குகிறது. கிருமியின் துண்டுகளை மற்ற செல்களுக்கு எடுத்துக் காட்டுகிறது.

இந்தச் செய்தி போய்ச் சேராவிட்டால்? 1993-ல் வெளியான எலி ஆய்வுகள் அதைக் காட்டின. காமா இன்டர்ஃபெரான் ஜீன் நீக்கப்பட்ட எலிகளால் காசநோய்க் கிருமியைக் கட்டுப்படுத்த முடியவில்லை. நோய் முற்றி இறந்தன. மனிதர்களிலும் இதற்கு ஆதாரம் உண்டு. இந்தப் புரதத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பி பிறவியிலேயே பழுதாக இருக்கும் அரிதான குழந்தைகளுக்கு, சாதாரண பிசிஜி தடுப்பூசிக் கிருமியே கடும் நோயைத் தரும் என்று 1996-ல் கண்டறிந்தார்கள்.

யார் கண்டுபிடித்தது?

1957-ல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மன் என்ற இரு விஞ்ஞானிகள் கோழி முட்டைச் சவ்வில் இன்ஃபுளுவென்சா வைரஸை வைத்து ஆய்வு செய்தார்கள். வைரஸ் தாக்கிய செல்கள் ஏதோ ஒரு பொருளை வெளியிடுவதையும், அது மற்ற செல்களுக்குள் வைரஸ் பெருகாமல் குறுக்கிடுவதையும் கவனித்தார்கள். குறுக்கிடுவதற்கான ஆங்கிலச் சொல்லிலிருந்தே ‘இன்டர்ஃபெரான்’ என்ற பெயர் வந்தது.

1965-ல் ஃபிரெட்ரிக் வீலாக், மனித வெள்ளணுக்களைத் தூண்டிவிட்டபோது அதே போன்ற, ஆனால் குணத்தில் வேறுபட்ட இன்னொரு பொருள் வெளிவருவதைக் கண்டார். அதுதான் இன்றைய காமா இன்டர்ஃபெரான். ஆல்ஃபா, பீட்டா வகைகளின் முதன்மையான வேலை வைரஸை எதிர்ப்பது. காமா வகையின் முதன்மையான வேலை எதிர்ப்பு செல்களுக்கு உத்தரவு போடுவது.

ஆனால் ஒரு சிக்கல். ரத்தத்திலிருந்து இதைப் பிரித்தெடுக்க ஏராளமான ரத்தம் வேண்டும்; கிடைப்பதோ மிகச் சொற்பம். கூடவே மற்ற புரதங்களும் கலந்திருக்கும். ‘இது காமா இன்டர்ஃபெரான் செய்த வேலையா, கூட வந்தது செய்த வேலையா’ என்று அடித்துச் சொல்ல முடியாது. 1982-ல் அமெரிக்காவின் ஜெனன்டெக் நிறுவன விஞ்ஞானிகள் இதற்கான மனித ஜீனைப் பிரித்து பாக்டீரியாவுக்குள் செலுத்தி, பாக்டீரியாவையே இந்தப் புரதத்தைச் செய்ய வைத்தார்கள். அன்றிலிருந்து ஆய்வகங்களுக்குச் சுத்தமான காமா இன்டர்ஃபெரான் குப்பியில் கிடைக்கத் தொடங்கியது.

பாக்டீரியாவுக்குள் மனிதப் புரதம்: எப்படித் தயாராகிறது?

இப்படி ஓர் உயிரியின் ஜீனை இன்னொரு உயிரியில் வைத்துத் தயாரிக்கும் புரதத்தை ‘மறுசேர்க்கை புரதம்’ அல்லது ‘ரீகாம்பினன்ட் புரதம்’ என்கிறார்கள். சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்ளும் மனித இன்சுலின், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி எல்லாமே இந்த வழிதான். காமா இன்டர்ஃபெரானுக்கான படிகள் இவை:

1. காமா இன்டர்ஃபெரானுக்கான டிஎன்ஏ துண்டை, ‘பிளாஸ்மிட்’ எனப்படும் சிறு வளைய டிஎன்ஏ-வில் பொருத்தி, ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்துவார்கள்.

2. சத்து நீர் நிரம்பிய கலனில் பாக்டீரியாவைப் பெருகவிட்டு, ஒரு கட்டத்தில் வேதிப்பொருள் சேர்த்து ‘இப்போது உற்பத்தியைத் தொடங்கு’ என்று தூண்டுவார்கள்.

3. பாக்டீரியா அவசர அவசரமாகச் செய்யும் புரதம் பெரும்பாலும் சரியாக மடியாமல், செல்லுக்குள் கட்டி கட்டியாகச் சேரும். பாக்டீரியாவை உடைத்து, அந்தக் கட்டிகளை எடுத்துக் கரைத்து, புரதத்தை மெதுவாக மறுபடி சரியான வடிவத்துக்கு மடியவிட வேண்டும். கஷ்டமான கட்டம் இதுதான்.

4. பல சுற்று வடிகட்டலுக்குப் பிறகு தூய்மை சரிபார்க்கப்படும்.

5. உறையவைத்து, ஈரத்தை உறிஞ்சி, பொடியாக்கிக் குப்பியில் அடைப்பார்கள்.

மனித காமா இன்டர்ஃபெரானில் 143 அமினோ அமிலங்கள் உள்ளன. இரண்டு சங்கிலிகள் ஜோடி சேர்ந்தால்தான் வேலை செய்யும். நம் உடலில் தயாராகும்போது இதன் மேல் சர்க்கரை மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும். ஈ.கோலைக்கு அந்தச் சர்க்கரையை ஒட்டத் தெரியாது. நல்லவேளையாக, சர்க்கரை இல்லாமலேயே இந்தப் புரதம் வேலை செய்கிறது. அதனால்தான் விலை உயர்ந்த பாலூட்டி செல்களுக்குப் பதில் பாக்டீரியாவில் தயாரிக்க முடிகிறது.

இந்தியாவில் மரபணு மாற்றிய நுண்ணுயிரிகளைக் கையாள, 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989-ல் வந்த விதிகள் பொருந்தும். இதைச் செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உயிரிப் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும்.

சின்னக் குப்பி, பெரிய கவனம்

ஆய்வகத்துக்கு வரும் குப்பியில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கில்தான். ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். சில சமயம் கண்ணுக்கே தெரியாது. மூடியில் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பதால், திறக்கும் முன் குப்பியைச் சுழல் இயந்திரத்தில் வைத்து ஒரு சுற்று விட்டு, பொடியை அடியில் இறக்கிய பிறகே திறப்பார்கள். கரைத்ததும் சின்னச் சின்னப் பங்குகளாகப் பிரித்து உறைய வைப்பார்கள். மறுபடி மறுபடி உருக்கி உறைய வைத்தால் புரதம் வலுவிழந்துவிடும்.

இன்னும் மூன்று விஷயங்களை மாணவர்களும் ஆய்வாளர்களும் கவனிப்பார்கள்.

முதலாவது, எந்த இனத்துக்கானது? மனித காமா இன்டர்ஃபெரான் எலி செல்களில் வேலை செய்யாது. எலியுடையது மனித செல்களில் வேலை செய்யாது. லேபிளைப் பார்க்காமல் போட்டால் பரிசோதனை மொத்தமும் வீண்.

இரண்டாவது, எண்டோடாக்சின். ஈ.கோலை பாக்டீரியாவின் வெளிச்சுவரில் இருக்கும் இந்த நச்சுப்பொருள் கொஞ்சம் கலந்திருந்தாலும் போதும், அதுவே விழுங்கு செல்களைத் தூண்டிவிடும். செல் தூண்டப்பட்டது புரதத்தாலா, அழுக்காலா என்று தெரியாமல் போய்விடும். அதனால்தான் தரச் சான்றிதழில் எண்டோடாக்சின் அளவு தனியாகக் குறிப்பிடப்படுகிறது.

மூன்றாவது, எடை வேறு, வீரியம் வேறு. குப்பியில் புரதம் இருக்கலாம். சரியாக மடியாமல் சும்மாவும் இருக்கலாம். அதனால் செல்களில் போட்டு, வைரஸைத் தடுக்கிறதா என்று பார்த்து வீரியத்தைக் கணக்கிடுவார்கள்.

‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று லேபிள் ஒட்டியிருந்தால், அதை நோயாளிக்குச் செலுத்தவும் கூடாது; அதை வைத்து நோயாளிக்கு ரிப்போர்ட் தரவும் கூடாது. அதே புரதம் மருந்தாகவோ மருத்துவப் பரிசோதனைக் கிட்டாகவோ வருவதற்கு வேறு கட்டுப்பாடுகள், வேறு அனுமதிகள் வேண்டும்.

இக்ரா டெஸ்ட் எப்படி வேலை செய்கிறது?

இந்தப் பரிசோதனை முதலில் மனிதர்களுக்காக வந்ததில்லை, மாடுகளுக்காக வந்தது. ஆஸ்திரேலியாவில் மாடுகளின் காசநோயைக் கண்டறிய 1980-களில் உருவான முறையே பின்னர் மனிதர்களுக்கும் மாற்றப்பட்டது. அமெரிக்காவில் 2001-ல் முதல் மனிதப் பரிசோதனைக்கு அனுமதி கிடைத்தது.

தத்துவம் இதுதான். காசநோய்க் கிருமியை ஏற்கெனவே சந்தித்த டி செல்கள் அதை நினைவில் வைத்திருக்கும். ஒருவரின் ரத்தத்தை எடுத்து, அதில் காசநோய்க் கிருமியின் ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்ற இரு புரதங்களின் துண்டுகளைக் கலந்தால், நினைவுள்ள டி செல்கள் ‘ஆ, இவனா’ என்று காமா இன்டர்ஃபெரானை வெளியிடும். சந்திக்காத செல்கள் சும்மா இருக்கும்.

பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் 4 குழாய்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் 1 மில்லி ரத்தம். ஒன்றில் எதுவும் இருக்காது. இரண்டில் காசநோய்ப் புரதத் துண்டுகள். நான்காவதில் எல்லா டி செல்களையும் தூண்டும் பொருள். இது அந்த நபரின் செல்கள் வேலை செய்யும் நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. 37 டிகிரி செல்சியஸில் 16 முதல் 24 மணி நேரம் வைத்த பிறகு, பிளாஸ்மாவில் எவ்வளவு காமா இன்டர்ஃபெரான் சேர்ந்திருக்கிறது என்று எலைசா முறையில் அளப்பார்கள்.

இங்கேதான் பாக்டீரியாவில் தயாரித்த அந்தப் புரதம் வருகிறது. மளிகைக் கடையில் எடைக்கல் இல்லாமல் பருப்பு நிறுக்க முடியாதல்லவா? அதுபோல, அளவு ஏற்கெனவே தெரிந்த ரீகாம்பினன்ட் காமா இன்டர்ஃபெரானைக் கரைத்து, மில்லிக்கு 4, 1, 0.25, 0 யூனிட் என்று படிப்படியாக நீர்த்து, அந்த நிற அளவோடு நோயாளியின் நிற அளவை ஒப்பிடுவார்கள். எடைக்கல் தவறினால் எடை தவறும். அந்தக் குப்பி கெட்டுப்போனால் அன்றைய ரிப்போர்ட் மொத்தமும் சந்தேகத்துக்குரியது.

வெற்றுக் குழாயின் அளவைக் கழித்த பிறகு மில்லிக்கு 0.35 யூனிட் அல்லது அதற்கு மேல் வந்தால், வேறு சில நிபந்தனைகளும் பொருந்தும்போது, ‘பாசிட்டிவ்’. இந்த எல்லைக்கு மிக அருகில் வரும் முடிவுகள் மறுமுறை எடுக்கும்போது மாறிவிடுவதும் உண்டு. 0.36-க்கும் 0.34-க்கும் நடுவில் ஒரு வாழ்க்கையே மாறிவிட்டதாக நினைக்கத் தேவையில்லை.

மான்டூ டெஸ்ட் இருக்கும்போது இது எதற்கு?

கையில் ஊசி போட்டு, 2 – 3 நாள் கழித்து வீக்கத்தை அளக்கும் மான்டூ டெஸ்ட் பலருக்கும் தெரிந்ததுதான். விலை குறைவு. ஆனால் அதில் இருப்பது பல புரதங்களின் கலவை. அவற்றில் பல, பிசிஜி தடுப்பூசிக் கிருமியிலும், மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் தூரத்து உறவுக் கிருமிகளிலும் இருக்கின்றன. அதனால் காசநோய்க் கிருமி தொற்றாதவருக்கும் கை வீங்கலாம். ஈசாட்-6, சிஎஃப்பி-10 இரண்டும் பிசிஜி கிருமியில் இல்லை. அதனால் பிசிஜி போட்டவர்களிடமும் இக்ரா குழம்பாது.

இந்தப் பிரச்சினைக்கும் நம்ம ஊருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. உலகின் மிகப் பெரிய பிசிஜி பரிசோதனை 1968-ல் தொடங்கியது அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டாரத்தில். ஸ்ரீபெரும்புதூரும் அப்போது அதே மாவட்டம்தான். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற இந்தப் பரிசோதனையின் 7½ ஆண்டு முடிவு 1979-ல் வெளியானபோது உலகமே அதிர்ந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை. அந்த வட்டார மக்களின் உடல் மண், தண்ணீரில் உள்ள உறவுக் கிருமிகளுக்கு ஏற்கெனவே பழகிப்போயிருந்தது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. சிறு குழந்தைகளுக்கு வரும் கடுமையான மூளைக் காசநோய் போன்றவற்றைத் தடுப்பதால் பிசிஜி இன்றும் பிறந்தவுடன் போடப்படுகிறது.

ஈசாட்-6, சிஎஃப்பி-10 புரதங்களையே பாக்டீரியாவில் தயாரித்து, மான்டூ போலக் கையில் போடும் ‘சை-டிபி’ என்ற புதிய ஊசிப் பரிசோதனையும் இப்போது வந்திருக்கிறது. புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கிறது. ஆய்வகம் தேவையில்லாததால், முகாம்களுக்கு இது வசதி.

பாசிட்டிவ் வந்தால் காசநோயா?

இல்லை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

இக்ரா சொல்வது ஒன்றைத்தான்: ‘இவருடைய டி செல்கள் காசநோய்க் கிருமியைச் சந்தித்திருக்கின்றன’. கிருமி இப்போது தூங்குகிறதா, விழித்து நோயாக்குகிறதா என்று அதற்குச் சொல்லத் தெரியாது. இந்தியாவில் 2019 – 21-ல் நடந்த தேசிய காசநோய்ப் பரவல் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 31 சதவீதம் பேரிடம் இந்தத் தொற்று இருக்கிறது. இவர்களில் பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுக்க நோய் வராது. தொற்றுள்ளவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கே வாழ்நாளில் நோயாக மாறும். அதிலும் அதிக ஆபத்து தொற்றிய முதல் 2 ஆண்டுகளில்.

தூங்கும் தொற்று உள்ளவருக்கு இருமல் இருக்காது, காய்ச்சல் இருக்காது, மற்றவருக்கும் அவர் பரப்ப மாட்டார். எனவே, இக்ரா பாசிட்டிவ் என்பதற்காக ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துவதற்கோ, அறையை மாற்றுவதற்கோ எந்த மருத்துவக் காரணமும் இல்லை.

நோய் இருக்கிறதா என்று அறிய சளியில் சிபிநாட், ட்ரூநாட் போன்ற மூலக்கூறுப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் கிருமி வளர்ப்புப் பரிசோதனை வேண்டும். ‘ரத்தத்தைப் பார்த்தே டிபி சொல்லிடுவோம்’ என்று யாராவது சொன்னால் உஷாராக இருங்கள். ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் காசநோய்ப் பரிசோதனைகளை 2012 ஜூனில் மத்திய அரசு தடை செய்தது. இக்ரா அந்தத் தடையில் வராது; வேறு வகை. ஆனால் அதையும் நோயை உறுதிசெய்யப் பயன்படுத்தக் கூடாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. இக்ரா நெகட்டிவ் வந்துவிட்டது என்பதால் 2 வாரத்துக்கு மேல் தொடரும் இருமலையோ, மாலைக் காய்ச்சலையோ, எடை குறைவையோ அலட்சியப்படுத்தக் கூடாது. தொற்று ஏற்பட்டு உடல் அதை நினைவில் பதிக்கவே சில வாரங்கள் ஆகும். எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களிடம் டி செல்கள் பதில் சொல்லாமலே போகலாம்.

அப்போ யாருக்குத்தான் இந்த டெஸ்ட்?

நோய் வரும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு. காசநோயாளியின் வீட்டில் இருப்பவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சைக்குத் தயாராகிறவர்கள், சிலிக்கா தூசியால் நுரையீரல் பாதித்தவர்கள் ஆகியோர் மத்திய அரசின் 2021 தடுப்பு சிகிச்சை வழிகாட்டுதலில் வருகிறார்கள். மணல் அச்சில் உலோகம் வார்க்கும் பட்டறைகளிலும், கல், மணல் தூசி பறக்கும் இடங்களிலும் வேலை செய்பவர்கள் இந்தக் கடைசி வகையைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு முக்கிய வகை, மூட்டுவாதம் போன்றவற்றுக்கு ‘டிஎன்எஃப் தடுப்பு’ ஊசி போடுகிறவர்கள். டிஎன்எஃப்-பும் ஒரு சைட்டோகைன்தான். கிருமியைச் சிறைவைக்கும் சுவரைக் காப்பது அதன் வேலை. ஊசி அதைத் தடுத்தால் சுவர் இடிகிறது. தூங்கிய கிருமி எழுகிறது. இன்ஃபிளிக்ஸிமாப் என்ற ஊசிக்குப் பிறகு 70 பேருக்கு காசநோய் வந்ததாக 2001-ல் வெளியான ஆய்வு எச்சரித்தது. அதிலிருந்து இந்த ஊசிகளைத் தொடங்கும் முன் காசநோய்த் தொற்றைப் பரிசோதிப்பது வழக்கமானது.

பாசிட்டிவ் வந்து, நோய் இல்லை என்று எக்ஸ்ரே உள்ளிட்ட பரிசோதனைகளில் உறுதியானால், தடுப்பு மாத்திரை தரப்படும். 6 மாதம் தினமும் ஐசோநியாசிட் அல்லது ஐசோநியாசிட் – ரிஃபாபென்டின் வாரம் ஒரு முறை என 12 வாரம். அரசுத் திட்டத்தில் இது இலவசம்.

அப்படியானால் இந்தப் புரதத்தையே ஊசியாகப் போட்டால்?

நியாயமான கேள்வி. விஞ்ஞானிகளும் கேட்டார்கள். காமா இன்டர்ஃபெரான் 1990-ல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. ஆனால், காசநோய்க்கு அல்ல. விழுங்கு செல்கள் பிறவியிலேயே கிருமியைக் கொல்ல முடியாத ஓர் அரிய நோய்க்கு. 2000-ல் எலும்பு அளவுக்கு மீறி இறுகும் இன்னொரு அரிய நோய்க்கும் அனுமதி கிடைத்தது. நுரையீரல் தழும்பு நோய்க்கு 826 பேரிடம் நடந்த பெரிய பரிசோதனை, பலன் இல்லாததால் 2007-ல் நிறுத்தப்பட்டது. காசநோயில் இது வழக்கமான சிகிச்சையாக ஆகவில்லை.

ஏன்? உடலில் இந்தச் செய்தி சரியான இடத்தில், சரியான நேரத்தில், சரியான அளவில் போக வேண்டும். சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. காசநோயோடு சர்க்கரை நோயும் உள்ளவர்களின் ரத்தத்தில், காமா இன்டர்ஃபெரான் சுரக்கும் டி செல்களின் பதில் சர்க்கரை இல்லாதவர்களைவிட அதிகமாக இருந்தது. ஆனாலும், சர்க்கரை நோயாளிகளுக்குத்தான் காசநோய் ஆபத்து அதிகம். கத்துவது அதிகம் என்பதால் காவல் பலமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. மனித விழுங்கு செல்களில் இந்தப் புரதம் வேலை செய்ய வைட்டமின் டி-யும் போதுமான அளவு வேண்டும் என்று 2011-ல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆக, செல்லை வளர்த்து அதன் மேல் இந்தப் புரதத்தை ஊற்றி, ‘கிருமி செத்ததா, எந்த மருந்து சேர்த்தால் சாகும்’ என்று பார்ப்பதே ஆய்வகங்களில் இதன் முக்கியப் பயன்பாடு. புற்றுநோய் செல்கள் எதிர்ப்பு செல்களிடமிருந்து எப்படி ஒளிகின்றன என்று அறியவும், ஸ்டெம் செல் ஆய்வுகளிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஒரகடத்தில் ரத்தம் எடுத்தால் என்ன கவனிக்க வேண்டும்?

இக்ரா ரிப்போர்ட் தவறாவது பெரும்பாலும் ஆய்வகத்துக்குப் போகும் வழியில்தான். புரதத் துண்டுகள் குழாயின் உட்சுவரில் பூசப்பட்டிருக்கும். ரத்தம் எடுத்ததும் 10 முறை குலுக்கினால்தான் அவை கலக்கும். ரொம்ப முரட்டுத்தனமாகக் குலுக்கினால் செல்கள் உடையும்.

இந்த வகைக் குழாய்களை 16 மணி நேரத்துக்குள் 37 டிகிரி பெட்டியில் வைத்தாக வேண்டும். அதுவரை 17 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மே மாத மதியத்தில் வண்டியின் பின்பக்கத்தில் வைத்தால் அந்த எல்லை தாண்டும். ‘சூடுதானே பிரச்சினை’ என்று ஐஸ் பெட்டியில் வைத்தாலும் தப்பு. டி செல்கள் உயிரோடு இருந்தால்தான் பதில் சொல்லும். தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் முகாம் போடுகிறவர்கள் இதை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். ‘இன்டிடெர்மினேட்’ என்று ரிப்போர்ட் வந்தால், அதற்கு அர்த்தம் ‘முடிவு சொல்ல முடியவில்லை’ என்பதுதான். மறுபடி ரத்தம் எடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு தொடர்பும் இந்தப் பகுதிக்கு வரவிருக்கிறது. மத்திய அரசின் மருத்துவச் சாதனப் பூங்கா திட்டத்தில் இமாச்சல், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசத்தோடு தமிழ்நாடும் தேர்வானது. தமிழ்நாட்டுக்கான பூங்காவுக்கு ஒரகடத்தில் 350 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. 2017 மருத்துவச் சாதன விதிகளின்படி ரத்தப் பரிசோதனைக் கிட்டுகளும் மருத்துவச் சாதனங்கள்தான். ஆனால் பிளாஸ்டிக் குழாயையும் தட்டையும் வார்ப்பது சுலபம். அதற்குள் இருக்கும் புரதத்தையும் எதிர்ப்பொருளையும் இங்கேயே தரமாகத் தயாரித்தால்தான் கிட்டின் விலை உண்மையில் குறையும்.

அறையில் ஒருவருக்கு டிபி என்றால் என்ன செய்வது?

சிகிச்சை தொடங்கியதும், மருந்துக்குக் கட்டுப்படும் வகை காசநோயில் பரவும் தன்மை வேகமாகக் குறையும். இதை உலகுக்கு முதலில் காட்டிய ஆய்வுகளில் ஒன்று சென்னையில் நடந்ததுதான். இன்றைய சேத்துப்பட்டு நிறுவனம் ‘காசநோய் கீமோதெரபி மைய’மாக இருந்தபோது 1959-ல் வெளியிட்ட ஆய்வு, சானடோரியத்தில் வைத்துச் சிகிச்சை தந்தாலும் வீட்டில் வைத்துத் தந்தாலும் பலன் ஏறத்தாழ ஒன்றுதான் என்றது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை. ஆகவே நோயாளியை ஊருக்குத் துரத்துவது தீர்வு இல்லை. துரத்தினால் சிகிச்சை அறுபடும்; அதுதான் ஆபத்து. வேலை மாறினாலும் ஊர் மாறினாலும் ‘நிக்ஷய்’ பதிவு எண்ணை வைத்துச் சிகிச்சையைத் தொடரலாம்.

காசநோயாளிகளுக்குச் சத்துணவுக்காக மத்திய அரசு தரும் மாத உதவி 2024 நவம்பர் 1 முதல் 1,000 ரூபாய். இ.எஸ்.ஐ.-யின் நீண்டகால நோய்களுக்கான கூடுதல் உதவித்தொகைப் பட்டியலிலும் காசநோய் இருக்கிறது. 2 ஆண்டு தொடர் வேலை உள்ளிட்ட தகுதிகள் இருந்தால் சம்பளத்தில் 80 சதவீதம் கிடைக்கும். சம்பளம் கட் ஆகுமே என்று இருமலை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

கூட இருந்தவர்களுக்குச் சாப்பாடும் மருந்துதான். ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவு தந்தபோது அவர்களுக்குப் புதிதாக காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. விடுதி நடத்துகிறவர்கள் ஜன்னலைத் திறந்து வைப்பதோடு தட்டையும் பார்க்க வேண்டும்.

சுருக்கமாக:

• காமா இன்டர்ஃபெரான் என்பது டி செல்கள் விழுங்கு செல்லுக்கு அனுப்பும் ‘அழி’ என்ற செய்தி. ஆய்வகங்களுக்கு அதை ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரிக்கிறார்கள்.

• இக்ரா பாசிட்டிவ் = தொற்று உண்டு. நோய் உண்டு என்று அர்த்தமில்லை.

• நோயை உறுதிசெய்வது சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே உள்ளிட்டவை.

• தூங்கும் தொற்று மற்றவருக்குப் பரவாது. வேலையை விட வேண்டியதில்லை.

• 2 வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைவு இருந்தால் டெஸ்ட் ரிசல்ட் எதுவானாலும் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். காசநோய் பற்றிய சந்தேகங்களுக்குக் கட்டணமில்லா உதவி எண்: 1800-11-6666.